ஓயாத இயந்திரமும் வீட்டு மின்கம்பியும்

சென்ற திங்கள் கூலிப் பட்டுவாடா நாளன்று நமது அங்கத்தினர் ஒருவர், தினசரித் தாளில் பொதிந்த ஒரு பொருளை அலுவலக மேஜையின்மீது வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பிரித்துப் பார்த்தோம். மூன்று முனையுள்ள சிறிய பிளக் ஒன்று. அதன் முனைகளில் ஒன்று கறுத்துப் போயிருந்தது. அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக்கு இளகி வழிந்து மீண்டும் இறுகியிருந்தது. தறிக்கூடத்தில் பாவு சுற்றி வைத்திருந்த மூலையில், சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து இதைப் பிடுங்கி எடுத்ததாகவும், தீய்ந்த நெடி வந்தபோது வீட்டார் விழித்திருந்தபடியால் வேறு சேதம் ஏதும் நேரவில்லையென்றும் அவர் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, பியூஸ் போகவில்லை, எம்.சி.பி.யும் விழவில்லை, வயரைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடுதான். பிறகு இது எப்படி உருகிற்று?"

கேள்வி நல்ல கேள்வி. வயர்மேன்களிற் சிலரே இதற்குச் சரியான விடை சொல்லத் திணறுவதைக் கண்டிருக்கிறோம். அந்தப் பிளக்கின் மறுமுனையில் இருந்தது, பட்டணத்தில் படிக்கும் அவருடைய மகன் பழைய விலைக்கு வாங்கி வந்த கிரிப்டோ நாணய இயந்திரம். இத்தகைய இயந்திரங்கள் அக்கம்பக்கத்தில் வேறு சில வீடுகளிலும் வந்திறங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். ஆகவே அவருக்குச் சொன்ன விடையை எல்லா அங்கத்தினர்களும் அறியுமாறு இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அவ்வியந்திரம் செய்யும் வேலை இன்னதென்று தெரிய வேண்டும். நமது சங்கத்துக்குப் பேரேடு ஒன்று உண்டு. அதை எழுதக் கணக்கரும், சரிபார்க்கத் தணிக்கையாளரும் இருக்கின்றனர். 2009ஆம் ஆண்டு ஜனவரியில் தோன்றிய பிட்காயின் என்னும் நாணயத்துக்கோ கணக்கரும் இல்லை, தணிக்கையாளரும் இல்லை. அதன் பேரேட்டின் படிகள் உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் கிடக்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் அதில் புதிதாகச் சேர்க்கப்படுகிறது. அப்பக்கத்துக்குப் பொருந்தும் ஓர் எண்ணை எவருடைய இயந்திரம் முதலில் கண்டுபிடிக்கிறதோ, அவரே அப்பக்கத்தைச் சேர்க்கும் உரிமையையும் அதற்குரிய பரிசையும் பெறுகிறார். அந்த எண்ணைக் காணச் சூத்திரம் கிடையாது. ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்துத் தள்ள வேண்டியதுதான். இதற்குச் சுரங்கம் தோண்டுதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண்ணும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. குருட்டாம்போக்கில் எண் தேடும் வேலையே அது.

எடுத்துக்காட்டாக, 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்மைனர் எஸ்9 என்னும் இயந்திரம் விநாடிக்குப் பதின்மூன்றரை இலட்சம் கோடி முறை அவ்வாறு போட்டுப் பார்க்கிறது. அதற்கு அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ 1350 வாட். 2020இல் வந்த எஸ்19 புரோ என்பது இதைவிட எட்டு மடங்கு வேகமுள்ளது. 3250 வாட் உண்பது. பரிசு குறையக் குறைய, பழைய இயந்திரங்கள் அவற்றின் சொந்தக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாமற் போய்ப் பழைய சாமான் சந்தைக்கு வருகின்றன. நம் ஊர்களுக்கு வந்து சேர்வன பெரும்பாலும் இவைதாம்.

1350 வாட் என்றால் அப்படியொன்றும் பெரிதில்லையே, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியே ஆயிரம் வாட் எடுக்கிறதே என்று சிலர் கூறலாம். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் மீண்டும் எரிவது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்து எடுத்து வைக்கப்படுவது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் தொட்டி நிறைந்ததும் நிற்கிறது. மாவரைக்கும் கிரைண்டருக்கும் ஓய்வு உண்டு. நம் வீட்டு மின்கம்பிகளும் சுவிட்சுகளும் சாக்கெட்டுகளும் இவ்வாறு உழைத்து ஓயும் பொருள்களை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டவை. உழைக்கும்போது ஏறும் சூடு ஓய்வில் இறங்கிவிடும். நாணய இயந்திரத்துக்கோ இரவும் இல்லை, பகலும் இல்லை, அமாவாசையும் இல்லை. போட்ட நாள்முதல் பிடுங்கும் நாள்வரை முழுச் சுமையோடு ஓடுவது அதன் இயல்பு. இறங்குவதற்கு நேரம் வாய்க்காத சூடு நாளுக்கு நாள் தன் வேலையைக் காட்டுகிறது.

இனி அந்தப் பிளக்கு உருகிய கதைக்கு வருவோம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 1350ஐ 230ஆல் வகுத்தால் 5.9 ஆம்பியர் வரும். அந்த இயந்திரமும் ஏறத்தாழ இந்த அளவினதே. அவர் அதைச் செருகியிருந்தது விளக்கு, விசிறி, வானொலி முதலியவற்றுக்கான 6 ஆம்பியர் சாக்கெட். 5.9 என்பது ஆறுக்குள் அடங்கியதுதானே என்று மகன் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சாக்கெட் பதினைந்து ஆண்டுப் பழையது. உள்ளேயிருக்கும் பித்தளை நாக்குகள் தளர்ந்துவிட்டன. பிளக்கின் முனையை அவை இறுகப் பற்றவில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக் கொண்டிருந்தன. அகன்ற வாய்க்கால் ஓரிடத்தில் மட்டும் குறுகினால் தண்ணீர் அங்கே எவ்வாறு முட்டி மோதுமோ, அவ்வாறே மின்சாரமும் தளர்ந்த இணைப்பில் மோதிச் சூடுண்டாக்குகிறது.

அச்சூட்டை அளந்து காட்டலாம். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை அவ்விடத்துத் தடையால் பெருக்கினால் எத்தனை வாட் சூடு என்பது கிடைக்கும். தளர்ந்த முனையில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 5.9 ஆம்பியர் அதன் வழியே ஓடினால் 17 வாட் சூடு பிறக்கிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சிறிய பற்றவைப்புக் கோல் 25 வாட்தான். அது ஈயத்தையே இளக்குகிறது. அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த சூடு, சுண்டுவிரல் நுனியளவுள்ள இடத்தில், வெளியே போக வழியின்றி, நாள் முழுதும் அடைந்து கிடந்தால் பிளாஸ்டிக்கு என்ன பாடுபடும்? சூடேற ஏறப் பித்தளை கறுக்கும். கறுத்த பித்தளையில் தடை கூடும். தடை கூடினால் சூடு மேலும் கூடும். இது தானே தன்னை வளர்த்துக் கொள்ளும் நோய்.

3250 வாட் இயந்திரமாயிருந்தால் மின்னோட்டம் 14 ஆம்பியரைத் தாண்டும். அதே தளர்ந்த முனையில் சூடு 17 வாட்டிலிருந்து ஏறத்தாழ 100 வாட்டாகிவிடும். மின்னோட்டம் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை. சூடோ ஆறு மடங்கு. இந்தப் பெருக்கத்தை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அந்தச் சுற்றில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தது. ஓடியதோ ஆறு ஆம்பியருக்கும் குறைவு. எம்.சி.பி.யைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. அதனுடைய பொறுப்பு சுவருக்குள் ஓடும் கம்பியை மிகையான மின்னோட்டத்தினின்றும் காப்பது மட்டுமே. எங்கோ ஒரு சாக்கெட்டில் நாக்குத் தளர்ந்திருப்பதை அறியும் கண் அதற்கு இல்லை. மேலும், 16 என்று எழுதியிருப்பதால் 16ஐத் தாண்டிய கணத்தில் அது விழுந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அதன் தர விதிப்படி, 18 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம்வரை அது விழலாகாது. 23 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். மோட்டார் கிளம்பும்போது வரும் தற்காலிக மிகுதிக்கு இடங்கொடுக்கும் பொருட்டு அவ்வாறு வைத்திருக்கிறார்கள். ஓயாத சுமைக்கு இந்தச் சலுகை ஆபத்தாகிறது.

எம்.சி.பி. இல்லாமல் பழைய பியூஸ் கட்டையே உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். பியூஸ் போய்விட்டால், "இனிப் போகாதபடி" செம்புக் கம்பியை மூன்று புரியாக முறுக்கிக் கட்டும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அவ்வாறு கட்டியவர் எதிர்பார்த்தது உண்மையில் நிறைவேறுகிறது: பியூஸ் போவதில்லை, அதற்குப் பதிலாக வேறு ஏதேனும் போகிறது.

மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். விளக்கு ஏற்றும் நேரத்தில் ஊரெங்கும் மின்னழுத்தம் தாழ்வதை நாம் அறிவோம். குண்டு பல்பு அப்பொழுது மங்கி எரியும். குறைவான மின்னோட்டத்தையே எடுக்கும். நாணய இயந்திரத்தின் குணம் வேறு. தனக்கு வேண்டிய வாட்டை அது எப்படியும் இழுத்துக் கொள்ளும். மின்னழுத்தம் 230இலிருந்து 210ஆகத் தாழ்ந்தால் 5.9 ஆம்பியர் 6.4 ஆகிவிடும். தாழ்ந்த மின்னழுத்தத்தில் பம்புசெட்டு மோட்டார் சூடேறிக் கருகுவதைக் கண்ட விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மகன் போட்ட கணக்கு காலையில் சரியாயிருந்து மாலையில் பொய்த்துப் போனது இப்படித்தான்.

அமெரிக்க நாட்டு மின்கம்பி விதிநூலில் நமக்கும் பயன்படக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் சுமையை அவர்கள் தனி இனமாகக் கருதி, சுற்றின் அளவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அச்சுமை போகலாகாது என்று வைத்திருக்கிறார்கள். இதை நம் சாக்கெட்டுகளுக்கு வைத்துப் பார்த்தால், 6 ஆம்பியர் சாக்கெட்டில் தொடர்ந்து எடுக்கத்தக்கது 4.8 ஆம்பியர், அதாவது 1100 வாட். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 12.8 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 2940 வாட். ஆகவே சிறிய இயந்திரத்துக்கே 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். பெரிய இயந்திரத்துக்கு அதுவும் போதாது. சுருக்கமான இந்த ஒரு கணக்கை அந்த மகன் அறிந்திருந்தால் பிளக்கு நம் மேஜைக்கு வந்திராது.

அப்படியாயின் முறையாக அமைப்பது எவ்வாறு? மீட்டர்ப் பெட்டியை அடுத்த மெயின் போர்டிலிருந்து இந்த ஓர் இயந்திரத்துக்கென்றே தனிக் கம்பி இழுக்க வேண்டும். இடையில் வேறு விளக்கோ விசிறியோ அதில் தொங்கலாகாது. சிறிய இயந்திரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, வயர்மேன்கள் இரண்டரை ஸ்கொயர் என்று சொல்வது, 16 ஆம்பியர் எம்.சி.பி.யோடு போதும். பெரிய இயந்திரத்துக்கு 4 ஸ்கொயர் கம்பியும், குளிர்பதனப் பெட்டிக்குப் பொருத்துகிறார்களே, கடைக்காரர் ஏ.சி. பாக்ஸ் என்று எடுத்துக் கொடுக்கும் இரும்புக்கூடு சாக்கெட், அந்த 20 ஆம்பியர் அமைப்பும் வேண்டும். இயந்திரத்தோடு வரும் வயரையும் பார்க்க வேண்டும். கணினிக்கு வரும் மெல்லிய வயர் கையில் கிடைத்ததென்று அதையே இதற்கும் மாட்டுவோர் உண்டு. அது இச்சுமைக்கு ஆனதன்று.

நீட்டிப்புப் பெட்டி வேண்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று கடையில் விற்கும் பொருளின் உள்ளே, நான்கு சாக்கெட்டுக்கும் பொதுவாக ஓடுவது தகடு போன்ற மெல்லிய பித்தளைப் பட்டை. வயர் நீளம் மிகுந்ததென்று அதைச் சுருட்டி நூற்கண்டு போல் கட்டி வைத்தால், வெளியே போக வேண்டிய சூடு சுருளுக்குள்ளேயே தங்கி உறை இளகும்.

பழைய வீடுகளில் மரப்பட்டையின்மேல் கிளிப்பு அடித்து ஓட்டிய வயரிங்கும், அலுமினியக் கம்பியும் இன்றும் உண்டு. அலுமினியம் கெடுதியான பொருளன்று. ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளே அலுமினியம்தான். ஆனால் திருகாணிக்கு அடியில் அது நாளடைவில் நசுங்கித் தளர்ந்து விடும். காற்றுப்பட்டு மேலே ஒரு படலம் கட்டும். அப்படலம் மின்சாரத்தைத் தடுக்கும். ஒவ்வொரு திருகாணியும் தளர்ந்த சாக்கெட்டைப் போன்றதே ஆகிவிடும். இத்தகைய வீடுகளில் பழைய கம்பியில் ஓயாத சுமை எதையும் ஏற்றலாகாது என்பதே நமது கருத்து. புதுக் கம்பி இழுக்கச் செலவாகுமே என்பவர்கள், இயந்திரத்தையும் வாங்காமலிருப்பது நலம்.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வியந்திரத்தின் மின்வழங்கிக்குள், மின்னிரைச்சலை அடக்குவதற்காக உடற்கூட்டோடு சேர்த்த சிறு மின்தேக்கிகள் உண்டு. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சொற்ப மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிடில் அந்த இரும்புக்கூடு, வரும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியை ஏந்திக்கொண்டு நிற்கும். தொட்டால் சுருக்கென்று கூசும். "லேசாகத்தான் ஷாக் அடிக்கிறது" என்று சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கூச்சம் எர்த் இல்லை என்பதற்கு இயந்திரமே எழுதிக் கொடுக்கும் சீட்டு. உள்ளே வேறு பழுது ஏற்படும் நாளில் அதே கூடு முழு 230 வோல்ட்டையும் ஏந்தும். ஈரக் கையுடன் தொடும் குழந்தைக்கு அன்று என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிளக்கின் பெரிய முனையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். எர்த் கம்பி உண்மையில் பூமியைச் சேர்கிறதா என்பதை வயர்மேனைக் கொண்டு சோதிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் அச்சுற்றில் இருக்கட்டும். அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேரே இணைத்து விடுபவர்கள் உண்டு. அவ்வாறு விழுந்தால் கசிவு எங்கே என்று தேட வேண்டுமேயன்றிக் காவல்காரனை அனுப்பிவிடக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது நெசவாளர் வீட்டில் தனிக் கவலை. உண்ணும் 1350 வாட்டும் கடைசியில் சூடாகவே வெளிவருகின்றது. ஓர் அறையில் இரவு பகலாக ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டியைக் காய வைத்தாற்போல. அச்சூட்டை வெளியேற்றத்தான் இரண்டு விசிறிகள் பேரிரைச்சலோடு காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. தறிக்கூடத்துக் காற்றில் என்ன இருக்கிறது? பஞ்சுத் தூசி. பாவு புணையும்போதும் தார் சுற்றும்போதும் பறக்கும் அந்தத் தூசியை விசிறி உள்ளிழுத்துச் சூடான தகடுகளுக்கிடையே அடைத்து வைக்கும். காற்றுப் போகும் வழி அடைபட்டால் சூடு ஏறும். ஒரு பொறி பறந்தால் பஞ்சு பற்றும். அருகிலே கூலிக்கு வாங்கி வந்த நூல், முடிந்து மடித்த சேலைகள். நூல் சங்கத்தினுடையது, கூலியோ குடும்பத்தினுடையது. விவசாயிகள் வீட்டிலும் இப்படியே: வைக்கோற்போர், பருத்தி மூட்டை, கொப்பரை ஆகியவை உள்ள கொட்டகையில் இதை வைக்கலாகாது. சுவர் மூன்று பக்கமும் செங்கல்லோ சிமெண்டோ ஆன, கூரையில் ஓலையில்லாத, காற்று எதிரெதிரே போய்வரும் சிறு அறையே தக்கது. எலி புகாதபடி கம்பிவலை வேண்டும். நாம் பேசிய அங்கத்தினர் வீட்டில் அப்படி ஓர் அறை இல்லை. பெரும்பாலோர் வீட்டில் இல்லை.

அமைத்து முடித்தபின் கவனிக்க வேண்டியதும் உண்டு. முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது, மீண்டும் ஓட்டாதீர்கள். வயர்மேனிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஓடும் ஆம்பியரை மாலையிலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். ஒரு வாரங் கழித்து, மெயினை அணைத்துவிட்டு, எல்லாத் திருகாணிகளையும் அவர் மீண்டும் இறுக்க வேண்டும். சூடேறி ஆறும் கம்பி முதல் வாரத்திலேயே சற்றுத் தளர்வது இயல்பு. சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம், மீன் நாற்றம் போன்ற ஒரு நெடி, சரசரவென்ற மெல்லிய ஒலி, இவற்றில் எது தென்பட்டாலும் காரணம் பிறகு தேடலாம். முதலில் மெயின் சுவிட்சு. தீப்பற்றினால் மெயினை அணைக்குமுன் தண்ணீர் ஊற்றவே கூடாது. மின்சாரம் நின்றபின் பஞ்சையும் நூலையும் தண்ணீர் அணைக்கும்.

இது நிற்க. இவ்வளவு செலவும் கவனமும் கொண்டு நடத்தினால் வருவது என்ன என்று அங்கத்தினர் கேட்டார். கணக்குப் போட்டோம். 1350 வாட் இயந்திரம் நாளொன்றுக்கு 32 யூனிட்டுக்கு மேல் உண்கிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் 259 ரூபாய். 2024 ஏப்ரலுக்குப் பின், பக்கம் ஒன்றுக்குப் பரிசு 3.125 பிட்காயின். நாளொன்றுக்கு 144 பக்கங்கள். ஆக உலகம் முழுமைக்கும் 450 நாணயம். அவ்வாண்டின் நடுவில் உலகில் ஓடிய இயந்திரங்களின் மொத்த வேகம், இத்தகைய பழைய இயந்திரங்கள் நாலரைக் கோடிக்குச் சமம். 450 நாணயத்தை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு வருவது ஒரு நாணயத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு. அப்போதைய விலை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் ரூபாய். ஆகவே நாள் வரவு 50 ரூபாய். மின்சாரச் செலவு 259 ரூபாய். அதிலும் வருமானத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்கு 30 வரி. இயந்திரம் முதலியவற்றுக்கான செலவைக் கழித்துக் காட்ட இயலாது என்று அவ்வாண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்திருக்கிறது.

ஐம்பதுக்கு இருநூற்றைம்பது செலவழிக்க எவர் முன்வருவார்? மின்சாரத்துக்குக் காசு கொடுக்காதவரே முன்வருவார். இவ்விஷயத்தின் முள் இங்கேதான் இருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரு திங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 ஆகவும், விசைத்தறியாளர்களுக்கு 750 யூனிட் 1000 ஆகவும் உயர்த்தப்பட்டன. விவசாயப் பம்புசெட்டுகளுக்கும் இலவசம். "தறி இணைப்பில் மாட்டிவிடு, கிணற்றுக் கொட்டகையில் வைத்துவிடு" என்று யோசனை சொல்பவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். முந்நூறு யூனிட்டை இவ்வியந்திரம் பத்தாம் நாளுக்குள் விழுங்கிவிடும் என்பது ஒருபுறமிருக்கட்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, ஒரு காரியத்துக்கென்று கொடுத்த மின்சாரத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவது அங்கீகாரமற்ற உபயோகம். அதற்குரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு வசூலிப்பார்கள். என்றுமுதல் நடந்ததென்று தெரியாவிட்டால் பன்னிரண்டு திங்களுக்குக் கணக்கிடுவார்கள். மீட்டரைத் தாண்டிக் கொக்கி போடுவதோ திருட்டு. 135ஆம் பிரிவின்படி சிறையும் உண்டு.

மலேசியாவின் சரவாக் மாநிலத்து மிரி நகரில் 2021ஆம் ஆண்டு, திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1069 நாணய இயந்திரங்களைப் போலீசார் கைப்பற்றிச் சாலை உருளையின்கீழ் இட்டு நொறுக்கினார்கள். அந்தப் படம் உலகமெங்கும் வெளிவந்தது. அவ்வூரில் இத்தகைய கள்ள இணைப்புகளால் மூன்று வீடுகள் எரிந்து போயின என்ற செய்தியை அத்தனை பேர் கவனிக்கவில்லை. கள்ளத்தனமாக இழுக்கும் கம்பிக்கு எம்.சி.பி. யார் வைப்பார்கள், எர்த் யார் போடுவார்கள்?

காசு கொடுத்து, வீட்டு இணைப்பில், தனிக் கம்பி இழுத்து, பொழுதுபோக்காகவோ படிப்புக்காகவோ ஒருவர் இதை வைத்துக் கொண்டால் அதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. மகன் கெட்டிக்காரப் பிள்ளை, ஆர்வத்தால் செய்ததே. அவனிடம் நாம் கடிந்து பேசவில்லை. காகிதமும் பென்சிலும் கொடுத்து மேற்படிக் கணக்குகளை அவனையே போடச் சொன்னோம். பெருக்கலில் நாம் செய்த ஒரு பிழையை அவன் திருத்தினான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் ஒருவர் அவ்வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். தறிக்கூடத்தில் மட்டும் தளர்ந்த சாக்கெட்டுகள் நான்கு. எர்த் கம்பி கொல்லைப்புறத்தில் அறுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நாணய இயந்திரம் வராமல் இருந்திருந்தாலும் அவை அப்படியேதான் இருந்திருக்கும். எல்லாம் மாற்றப்பட்டன. இயந்திரம் இப்போது பரண்மேல் இருக்கிறது. தங்கள் வீட்டுத் தறிக்கூடத்தையும் பம்புக் கொட்டகையையும் சோதிக்க விரும்பும் அங்கத்தினர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், நான்கைந்து வீடுகளுக்கு ஒரே நாளில் வந்து பார்க்க அந்த வயர்மேன் இசைந்திருக்கிறார். உருகிய பிளக்கை அங்கத்தினர் நம்மிடமே விட்டுச் சென்றார். அது மேஜையின் இடப்புற இழுப்பறையில் இருக்கிறது. பட்டுவாடா நாளில் வருபவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.